நெடுந்தீவுப் புல்வெளியும் அதன் குதிரைகளும்



இயற்கைக் காட்சிகளைக் காணப் புறப்படுவோர் நம் நாட்டிற் பெரும்பாலும் மலைநாட்டையே நாடுவர். புல்வெளி என்றதும் ஹோட்டன் சமவெளியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திற் பரந்து கிடக்கும் அச்சமவெளி மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்குத் தலைநீர் வழங்குவது. அதனிடையே பேக்கர் அருவி வீழ்கின்றது. நடைபாதை வழியே தொடர்ந்து சென்றால் உலக முடிவு எனப் பெயர்பெற்ற பாறை விளிம்பை அடையலாம். 1988ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்குச் சென்று மீள்வோர் குளிரையும் பனிமூட்டத்தையும் அருவியின் ஓசையையும் நெடுநாள் பேசி மகிழ்வர்.

இன்று நான் எடுத்துக்கொண்டது வேறொரு புல்வெளி. அது நாட்டின் மறுகோடியில், பாக்குநீரிணையின் நடுவே, கடல்மட்டத்துக்குச் சில மீற்றரே உயர்ந்து கிடப்பது. யாழ்ப்பாணத் தீவுகளுள் நெடுந்தீவு எனப்படும் அத்தீவின் ஒரு பகுதியும் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே மலையில்லை, ஆறில்லை, அருவியில்லை. புல்லும் கல்லும் ஓயாத கடற்காற்றும், காற்றிலே பிடரிமயிர் அலைய நின்று மேயும் மட்டக்குதிரைகளுமே உள்ளன.

ஹோட்டன் சமவெளிக்குச் செல்பவன் இயற்கையைக் கண்டு திரும்புகிறான். நெடுந்தீவின் வெளிக்குச் செல்பவன் இயற்கையைக் காண்பதோடு, மனிதர் வந்து போன சுவட்டையும் காண்கிறான். அந்தக் குதிரைகள் தாமாக அங்குத் தோன்றியவை அல்ல. இலங்கைக்குக் குதிரை இயல்பான விலங்கன்று. கடல்வழியே கொண்டுவரப்பட்டு, வளர்க்கப்பட்டு, பின்பு தேவையில்லையென்று கைவிடப்பட்ட விலங்குகளின் வழித்தோன்றல்கள் அவை. ஆதலின் அப்புல்வெளியை ஒரு காட்சியாக மட்டும் கொள்ளாது, ஒரு வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளுதல் வேண்டும். அச்சான்றினை நாம் எவ்வாறு பேணப்போகின்றோம் என்பதே இப்பேச்சின் முடிவில் நம்முன் நிற்கும் வினா.

முதலில் வழியைக் கூறுவோம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியிற் புறப்பட்டால் இருபுறமும் ஆழமற்ற பரவைக்கடல் விரியும். மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து வேலணையை அடைந்து, அங்கிருந்து மற்றொரு தாம்போதி வழியே புங்குடுதீவுக்குச் செல்லலாம். புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரைவழி முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகிற் கால்மணி நேரமளவே ஆகும். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரம் கடலிற் செல்லவேண்டும். சோழகக் காற்று வலுக்கும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் நீண்டதாகவே தோன்றும்.

இக்கடல்வழி துயரையும் அறிந்தது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிற் பயணஞ்செய்த பொதுமக்கள் பலர், பெண்களும் குழந்தைகளுமாக, கொல்லப்பட்டனர். போர்க்காலத்திலே தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல மீளவில்லை. ஐம்பது சதுரக் கிலோமீற்றரளவு பரப்புள்ள நெடுந்தீவில் இன்று வாழ்வோர் ஐயாயிரம் பேருக்கும் குறைவானவரே. காட்சி காணச் செல்லும் நாம் இவ்வுண்மையையும் மனத்திற் கொண்டே படகேறுதல் முறை.

குதிரைகளின் வரலாறு நெடுந்தீவிலே தொடங்குவதன்று. அதன் முதலேட்டை நாம் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் படிக்கவேண்டும். வேலணைத் தீவின் வடகரையில் அமைந்தது ஊர்காவற்றுறை. பழைய கல்வெட்டில் இதன் பெயர் ஊராத்துறை. எதிரே காரைநகர், இடையிலுள்ள நீர்வழியே யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்கு வாயில் போன்றது. போர்த்துக்கேயர் இங்கிருந்து யானைகளைக் கப்பலேற்றி அனுப்பினர். அவர்கள் மொழியிலே கப்பல்துறையைக் குறிக்கும் சொல்லே கயிற்ஸ் என்னும் பெயராக நிலைத்தது. நீர்வழியின் நடுவே சிறு திட்டொன்றில் நிற்கும் கடற்கோட்டையை ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்றனர். இலங்கையின் வடிவம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தோன்றியதாம். அதன் குதிகாற்பகுதி இதுவென்று பெயரிட்டனர்.

எனினும் ஐரோப்பியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இத்துறை பெருந்துறையாய் விளங்கியது என்பதற்குச் சான்று நயினாதீவிலே உளது. நயினாதீவு இருசமயத்தாரும் போற்றும் தலம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வரும் அடியாரும் நாகவிகாரைக்கு வரும் பௌத்தரும் குறிகட்டுவானில் ஒரே துறையிற் படகுக்குக் காத்து நிற்பர். மகாவம்சம் கூறும் நாகதீபத்தோடு பௌத்தர் இதனை இணைத்துப் போற்றுவர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இத்தீவே எனக் கருதும் அறிஞரும் உளர். அம்மன் கோயிலிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய தமிழ்க் கல்வெட்டொன்று காணப்படுகிறது. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட அம்மன்னன் தன் ஆணையைத் தமிழிலே பொறிப்பித்தான் என்பதே ஒரு சிறப்பு. அக்கல்வெட்டைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார்.

அவ்வாணையின் பொருள் இது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்துபோனால், கரைசேர்ந்தவற்றில் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பொருளை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

நேயர்கள் இவ்விரு விதிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். மற்றைப் பொருளுக்குப் பாதி கொள்ளும் அரசன் யானைக்கும் குதிரைக்கும் காற்பங்கே கொள்கிறான். காரணம் யாது? அவை அவனுக்கு வேண்டியவை. படைக்குக் குதிரை இன்றியமையாதது. அதுவோ நாட்டில் விளையாதது. ஆகவே அதனைக் கொண்டுவரும் வணிகனுக்கு நட்டம் குறையுமாறு சட்டம் வகுத்தான். கப்பல் உடைவது பற்றித் தனியே விதி செய்யவேண்டியிருந்ததென்றால், இக்கடலில் அது அரிய நிகழ்ச்சியன்று என்பதும் விளங்கும். ஆழமற்ற நீரும் கற்பாரும் நிறைந்த கடல் இது.

தமிழகத்திலும் நிலைமை இவ்வாறே இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்மூஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன என்றும், பராமரிக்கும் முறை அறியாமையால் அவற்றுட் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மடிந்தன என்றும் எழுதிவைத்தார். அரபுநாட்டுக் குதிரைக்கு நம் வெப்பமும் தீவனமும் ஒத்துக்கொள்ளவில்லை. விலைகொடுத்து வாங்குவது எளிது. உயிரோடு காப்பது அரிது. இக்குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். நெடுந்தீவுக் குதிரைகளின் அருமை அப்பொழுதே புலனாகும்.

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. நெடுந்தீவை அவர்கள் பசுத்தீவு என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். பெயர்கள் சிலபோது ஆவணங்களைவிடத் தெளிவாகப் பேசும். கடலிலிருந்து அத்தீவை நோக்கிய அந்நியனின் கண்ணில் முதலிற் பட்டவை மேயும் மாடுகள் என்பதை அப்பெயர் காட்டுகிறது. அதாவது, மந்தைகளைத் தாங்கவல்ல மேய்ச்சல் நிலம் அன்றே அங்கு இருந்தது. உழவுக்கு வேண்டிய ஆழமான மண் அத்தீவில் அரிது. முருகைக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்திருக்கிறது. நெல்லுக்கும் தோட்டத்துக்கும் இடங்கொடாத அந்நிலம் புல்லுக்கு இடங்கொடுத்தது.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்கள் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டடாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுட் பெரும்பாலானவை ஒல்லாந்தருடைய ஏட்டோடு மறைந்தொழிந்தன. டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நின்று நிலவுகிறது. ஆயினும் ஊரவர் நாவில் அது என்றும் நெடுந்தீவே.

போர்த்துக்கேயர் தொடங்கிய குதிரை வளர்ப்பு ஒல்லாந்தர் காலத்தில் ஒழுங்கான தொழிலாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தலைமை அலுவலராயிருந்த ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் 1697ஆம் ஆண்டில் தம் பின்னோர்க்கு விட்டுச்சென்ற நினைவேட்டிலும் இப்பகுதித் தீவுகளின் குதிரை வளர்ப்பு இடம்பெற்றுள்ளது. அவரே பின்னாளிற் பத்தேவியாவில் ஒல்லாந்தக் கம்பனியின் தலைமை ஆளுநரானவர்.

குதிரை வளர்க்கத் தீவை ஏன் தெரிந்தனர்? காரணம் எளிது. கடலே வேலி. இலாயத்திற் கட்டித் தீனி போடவேண்டிய செலவில்லை. புலியும் சிறுத்தையும் இல்லை. திருடிச் செல்வதும் எளிதன்று. குதிரைகளைத் திறந்த வெளியில் விட்டு இனம் பெருக்கி, வேண்டியபோது சுற்றிவளைத்துப் பிடித்துப் பழக்கலாம். மார்க்கோ போலோ கண்ட பாண்டிநாட்டிலே இலாயத்தில் மடிந்த விலங்கு, நெடுந்தீவின் வெட்ட வெளியில், உப்புக்காற்றுக்கும் குறைந்த புல்லுக்கும் பழகி, தலைமுறை தலைமுறையாய் நிலைத்துவிட்டது. அதற்கு அது கொடுத்த விலை உடலின் அளவு. ஊட்டங் குறைந்த மேய்ச்சலில் வாழும் இனம் காலப்போக்கிற் குறுகும். இன்று நாம் காணும் குதிரைகள் உயரத்திற் சிறியனவாய், கட்டைக்குதிரை என்னும் பெயருக்கு ஏற்றனவாய் உள்ளன.

1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களும் சிறிது காலம் குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலே நோலன் என்னும் அயர்லாந்துப் படையலுவலர் நெடுந்தீவின் பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ ஒரு சிற்றரசர் போலவே அவர் அத்தீவில் வாழ்ந்தார் என்று பின்வந்தோர் எழுதினர். அவர் காலத்தின் பின் குதிரைவளர்ப்பு ஓய்ந்தது. அலுவலர் போயினர்; இலாயங்கள் பாழாயின; கணக்கேடுகள் மூடப்பட்டன. குதிரைகளை மட்டும் யாரும் கொண்டுபோகவில்லை. எசமானில்லாத அவை புல்வெளியிலே தம்போக்கில் வாழத் தலைப்பட்டன. ஆகவே இவை காட்டுக்குதிரைகள் அல்ல, வீட்டுக்குதிரையாயிருந்து காடேறியவை. இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, தீவுக்குள் நடந்து செல்வோமாக. இறங்குதுறையை விட்டு உள்ளே சென்றதும் புதியவர் கண்ணை முதலில் ஈர்ப்பவை கல்வேலிகள். வேலியென்றால் யாழ்ப்பாணத்திலே கிடுகும் பனைமட்டையும் நினைவுக்கு வரும். நெடுந்தீவிலோ முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி வளவுக்கு வேலி செய்துள்ளனர். கல்லோடு கல்லைப் பொருத்தும் கைத்திறனே அவ்வேலியை நிறுத்துகிறது. இடையிடையே உள்ள துளைகள் கடுங்காற்றைத் தடுக்காது செல்லவிடுவதால் அது சாய்வதில்லை. நிலத்தைப் பண்படுத்தக் கல்லை அகற்றவேண்டும்; அகற்றிய கல்லே வேலியாயிற்று. இல்லாமையையே வளமாக்கிக்கொண்ட குடிகளின் அறிவு இதுவன்றோ.

துறைக்கு அண்மையிற் பழைய கட்டடங்களின் எச்சத்திடையே புறாக்கூடு ஒன்று நிற்கிறது. மாடமாடமாய் அமைந்த அக்கூட்டிற் செய்திகொண்டு செல்லும் புறாக்களை வளர்த்தனர் என்பர். கடலாற் பிரிந்த தீவுக்குச் செய்தி எத்துணை இன்றியமையாதது என்பதை வானொலிக்கு முற்பட்ட அச்சிறு கூடு நமக்கு நினைவூட்டுகிறது. சற்று அப்பால் பெருக்கமரம். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் மன்னாரிலும் இங்கும் காணப்படுவது பழைய கடல்வணிகத்தின் பயன் எனக் கருதப்படுகிறது. அதன் அடிமரத்துப் பொந்தினுள் ஆள் நுழைந்து நிற்கலாம். குதிரையைப் போலவே மரமும் இங்கு வந்தேறியதே.

மேற்கே வெடியரசன் கோட்டை எனப்படும் இடத்தில் முருகைக்கல்லாலான அடித்தளங்கள் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் வந்தான் என்றும், வெடியரசன் அவனோடு பொருதான் என்றும் ஈழத்து மக்கள் வழங்கும் கதையோடு அவ்விடம் இணைந்துள்ளது. தொல்லியலாளர் அவற்றைப் பௌத்தத் தூபிகளின் எச்சம் என்பர். மக்கள் கதையும் அறிஞர் ஆய்வும் ஓரிடத்தைப் பற்றி இருவேறாய்ப் பேசும்போது, இரண்டையும் கேட்பதே வரலாற்று மாணவனுக்கு அழகு. கதை, அவ்விடத்தை மக்கள் எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதைக் கூறும். ஆய்வு, அது எக்காலத்தது என்பதைக் கூறும்.

குடியிருப்புகளையும் பனங்கூடல்களையும் கடந்து தெற்கும் மேற்குமாய்ச் சென்றால் வெளி திறக்கும். அங்கே மரம் குறைந்து, வானம் தாழ்ந்து, புல் கடல்வரை விரிகிறது. மார்கழி, தை மாதங்களில், வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்ததும், அவ்வெளி பசுமையாய்க் காட்சியளிக்கும். பள்ளங்களில் நீர் தேங்கி நிற்கும். குதிரைகள் சிறு சிறு கூட்டமாய், தாயும் குட்டியும் அருகருகே, மேய்ந்து திரியும். மனிதர் நெருங்கினால் தலைநிமிர்த்து நோக்கி, பின் விலகிச் செல்லும். நடந்து காண விரும்புவோர் இக்காலத்திற் செல்வதே நன்று. வைகாசி முதல் ஆவணி வரை அதே வெளி செங்காவி நிறமாகக் கருகிக் கிடக்கும். நிழலில்லை, வெயிலோடு கல்லின் சூடும் சேரும். குடிநீரைக் கையோடு கொண்டு செல்லாதவர் வருந்துவர்.

ஆறும் அருவியும் இங்கு ஏன் இல்லை என்று மாணவர் வினவுவதுண்டு. நிலம் உயர்ந்து தாழ்ந்தாலன்றி அருவி இல்லை என்பது ஒரு விடை. மற்றொன்று நிலத்தின் தன்மை. சுண்ணக்கல் நுண்டுளைகளும் வெடிப்புகளும் உடையது. பெய்த மழை நிலத்தின்மேல் ஓடி ஆறாவதற்கு முன்னரே கல்லினூடே கீழிறங்கிவிடுகிறது. கீழே சுற்றுக்கடலின் உவர்நீர் ஊறி நிற்கும். நன்னீர் உவர்நீரைவிடப் பாரங்குறைந்தது. ஆதலின் அது உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. தீவின் கிணறுகளெல்லாம் அந்த வில்லையிலிருந்தே நீர் கொள்கின்றன. அளவோடு இறைத்தால் நன்னீர் கிடைக்கும். அளவு மீறினால் கீழேயுள்ள உவர் மேலெழும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் தெளிய நல்ல மழைக்காலம் வேண்டும்.

ஆகவே மலைநாட்டுக்கு அருவி எதுவோ, நெடுந்தீவுக்குக் கிணறு அது. தீவின் தென்பாகத்திலுள்ள சாறாப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. அருவியைக் காண்பவன் அதன் வீழ்ச்சியை வியப்பான். அக்கிணற்றங்கரையில் நிற்பவன், நாற்புறமும் உவர்க்கடல் சூழ, கல்லைக் குடைந்து ஒருதுளி இனிமையைத் தேடிக் கண்டவர்களை வியக்கவேண்டும்.

குதிரைகளின் உயிர்ச்சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. மழைக்காலத்துப் பள்ளங்களும் கேணிகளும் கோடையில் வற்றிவிடுகின்றன. கிணற்று நீர் குதிரைக்கு எட்டாது. கடும் வறட்சி வந்த ஆண்டுகளிலே நீரின்றிக் குதிரைகள் மாண்டதுண்டு. மாடுகளும் அதே புல்லையும் நீரையும் நம்பியுள்ளன. மாட்டுக்கு உடையவன் உண்டு. அவன் வாளியால் இறைத்துத் தொட்டியில் ஊற்றுவான். குதிரைக்கு உடையவன் இல்லை. இரக்கமுள்ள ஊரவர் வார்க்கும் நீரே அதன் கோடைக்கால வாழ்வு.

பிறநாட்டு உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். கனடாவின் கிழக்கே, அத்திலாந்திக் கடலில், சேபிள் என்னும் மணற்றீவு உளது. அங்கும் மனிதர் கொண்டுவந்து விட்ட குதிரைகள் காடேறி வாழ்கின்றன. 1960ஆம் ஆண்டளவில் அவற்றைப் பிடித்து விற்றுவிட அரசு எண்ணியபோது, பள்ளிப் பிள்ளைகள் பலர் பிரதமர் டீபென்பேக்கருக்குக் கடிதம் எழுதினர். அதன் விளைவாகக் குதிரைகளைத் தொடாது விடச் சட்டம் இயற்றப்பட்டது. 2013இல் அத்தீவு தேசியப் பூங்கா ஒதுக்கிடமாயிற்று. அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளிலே திரியும் மஸ்டாங் என்னும் குதிரைகளும் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவையே. அவற்றைக் காக்க அந்நாடு 1971இற் சட்டஞ் செய்தது.

சேபிள் தீவிலும் நன்னீர், உவர்நீரின்மேல் வில்லையாக மிதப்பதே. ஆனால் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. அங்குக் குளங்கள் வற்றும்போது குதிரை தன் குளம்பினால் மணலைத் தோண்டி நீர் காண்கிறது. நெடுந்தீவின் நிலம் மணலன்று, கல். குளம்பினாற் கல்லைத் தோண்டல் இயலாது. ஆகவே சேபிள் குதிரையை மனிதன் தொடாது விட்டாற் போதும். நெடுந்தீவுக் குதிரையை அவன் தொடாது விட்டால் மட்டும் போதாது. மனிதன் தன் பயன் கருதி அதனைக் கல்லின்மேற் கொண்டுவந்து விட்டான். அக்கல்லை அகழ்ந்து நீர் காட்டவல்லவனும் அவனே. காட்டுக்குதிரை வேறு, காடேறிய குதிரை வேறு என முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே.

2015ஆம் ஆண்டின் அறிவிப்பால் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவாயிற்று. தீவின் பரப்போடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாதுகாப்புக் கிடைத்தமை நன்று. எனினும் எல்லைக்கோடு குதிரையின் தாகத்தைத் தீர்க்காது. கோடைக்கு முன் கேணிகளைத் தூர்வாரி ஆழமாக்குதலும், வெளியின் ஓரங்களில் நீர்த்தொட்டிகளை அமைத்து முறையாக நிரப்புதலும் வேண்டும். அதேவேளை, கிணற்றை நம்பி வாழும் குடிகளின் நீருக்கும் மேய்ச்சலுரிமைக்கும் ஊறு நேராதிருத்தலும் வேண்டும். மழைநீரைத் தேக்கி வைத்தாலன்றி இவ்விரண்டும் ஒருங்கே கைகூடா. குடிகளை அயலாராக்கி அமைக்கும் பூங்கா நிலைக்காது; இதுகாறும் அக்குதிரைகளுக்கு நீர் வார்த்தவர்கள் அவர்களே.

காணச் செல்வோர்க்கும் கடமை உண்டு. குதிரையை வாகனத்தால் துரத்திப் படமெடுத்தல் ஆகாது. வெயிலில் ஓடவிட்ட விலங்கு இழக்கும் நீரை அங்கு மீளப் பெறல் அரிது. கல்வேலியிலிருந்து ஒரு கல்லையேனும் நினைவுப்பொருளாக எடுத்தல் ஆகாது. சாந்தில்லாத வேலியில் ஒரு கல் போனால் அடுத்த கல் தளரும். கொண்டுசென்ற போத்தலையும் பொதியையும் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். தீவிலே உண்டு, தீவாரின் பொருளை வாங்கி, அவர்கள் வாய்மொழியைக் கேட்டு வருதல் இன்னும் நன்று.

ஆசிரியப் பணியிலே முதிர்ந்தவன் என்ற முறையில் ஆசிரியர்க்கும் ஒன்று கூறுவேன். மாணவரை நெடுந்தீவுக்கு அழைத்துச் செல்லுங்கள். செல்லும் வழியில் நயினாதீவிலும் இறங்கி அக்கல்வெட்டை அவர்களுக்குக் காட்டுங்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் குதிரைக் கப்பலுக்கு விதிசெய்த கடல் இதுவென்று கூறி, அதன் பின்னர்க் குதிரைகளைக் காட்டுங்கள். ஊர் முதியோரிடம் கிணறுகளின் பெயரையும், வறட்சி வந்த ஆண்டுகளையும், வேலி அடுக்கும் முறையையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். குடும்பங்கள் குறைந்துவரும் தீவிலே, இன்று எழுதாத செய்தி நாளை கேட்க ஆளின்றிப் போகும். சேபிள் தீவின் குதிரைகளைக் காத்தவை பிள்ளைகள் எழுதிய கடிதங்களே என்பதை நம் பிள்ளைகளும் அறிதல் நன்று.

பராக்கிரமபாகு, குதிரை கொணர்ந்த வணிகனின் நட்டத்தைக் குறைக்க முன்வந்தான். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குதிரையை வளர்த்து விலைபெற்றனர். அவர்கள் எல்லோரும் போய்விட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற விலங்கு இன்றும் அக்கல்வெளியில் நின்று நம்மை நோக்குகிறது. கோடை தொடங்குமுன் கேணியைத் தோண்டி வைப்பதே நாம் அதற்குச் செய்யத்தக்க முதற்பணி.